சுவிட்சைப் போடுமுன்: கொழும்பில் பழைய கணினி சேகரித்துத் திருத்த விரும்புகிறவர்களுக்கு

பழைய கணினி ஒன்று கையில் கிடைத்ததும் எல்லோருக்கும் முதலில் வரும் ஆசை, பிளக்கைச் செருகி "வேலை செய்யுதா" என்று பார்ப்பதுதான். அந்த ஆசையைக் கொஞ்ச நாள் அடக்கி வைக்க முடிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. வெள்ளவத்தையில் கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், அலுமாரிக்கு மேலே இருபத்தைந்து வருடம் கிடந்த பெட்டியை நினைத்துப் பாருங்கள். உப்புக் காற்று பட்டிருக்கும், ஈரம் ஏறியிருக்கும், உள்ளே இருக்கும் பற்றரி ஒழுகியிருக்கும், பவர் சப்ளைக்குள் பல்லி முட்டையிட்டிருக்கும். இவ்வளவும் நடந்த பெட்டிக்குள் திடீரென்று 230 வோல்ட்டை விட்டால், அதுவரை நல்லபடியாக இருந்த பாகமும் அந்த நொடியில் போய்விடும். இத்தனை வருடம் கிடந்தும் சாகாத கணினி சுவிட்ச் போட்டவுடன் செத்துப்போவது இப்படித்தான்.

ஆகவே வரிசையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பற்றரியைக் கழற்ற வேண்டும். அடுத்து ஹார்ட் டிஸ்க்கிலும் புளொப்பியிலும் இருப்பதைப் பிரதி எடுக்க வேண்டும். மூன்றாவதாக பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். சுவிட்ச் அதற்கும் பிறகுதான். கழுவுவது, வெளுப்பது, அழகு பார்ப்பது எல்லாம் கடைசி.

எதில் தொடங்கலாம்?

புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் எப்போதும் சொல்வது 486 அல்லது முதல் தலைமுறைப் பென்டியம் புரொசசர் உள்ள கணினி. 1990களில் கொழும்பு அலுவலகங்களிலும் ரியூசன் நிலையங்களிலும் வீடுகளிலும் இருந்தவை பெரும்பாலும் இந்த வகைதான். எல்லாம் பொது அளவில் செய்யப்பட்டவை என்பதால் ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பொருந்தும். விஜிஏ வெளியீடு இருப்பதால், பின்னால் நீல நிற 15 முனைச் செருகி உள்ள எந்த எல்சிடி மொனிட்டரிலும் படம் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க் ஐடிஇ வகை, அகன்ற தட்டையான கேபிளில் இணைவது. அதற்கு இன்றைக்கும் மாற்று உண்டு.

லண்டனிலோ டொரன்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர் வீட்டுப் பரணிலிருந்து வரும் சாமான்கள் வேறு வகை. பிரித்தானியாவிலிருந்து வருவது 1982இல் வெளிவந்த சின்கிளேயர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரமாகவோ அதே வருடத்துக் கொமடோர் 64 ஆகவோ இருக்கலாம். அழகான சாமான்கள்தான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. ஸ்பெக்ட்ரத்தின் 9 வோல்ட் அடப்டரில் நடுமுனைதான் எதிர்முனை. வீட்டில் கிடக்கும் பெரும்பாலான அடப்டர்களில் நடுமுனை நேர்முனை. "9 வோல்ட்தானே" என்று அவற்றில் ஒன்றைச் செருகினால் உள்ளே எரிந்துவிடும். கொமடோர் 64 உடன் வரும் பெட்டி போன்ற பவர் சப்ளை வயதாகும்போது 5 வோல்ட்டுக்குப் பதில் அதைவிடக் கூடுதலாக விடத் தொடங்கும். அது நேராக மெமரி சிப்புகளைத்தான் கொல்லும். பழைய பவர் சப்ளையை அலமாரியில் காட்சிக்கு வைத்துவிட்டு, புதிதாகச் செய்த ஒன்றை வாங்குங்கள்.

கனடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்ததென்றால் முதலில் பின்பக்கத்து ஸ்டிக்கரை வாசியுங்கள். சிலவற்றில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருக்கும். சிலவற்றில் இருக்காது, அவற்றுக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போமர் கட்டாயம்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். பிரித்தானிய வீட்டுக் கணினிகள் ரிவி வழியாகப் படம் காட்டுபவை. நம் நாட்டிலும் அங்கே போலவே பால் என்ற ரிவி ஒளிபரப்பு முறைதான் என்பதால் படம் வந்துவிடும். ஆனால் பிரித்தானிய பால் முறையில் படத்துக்கும் ஒலிக்கும் இடைவெளி 6 மெகாஹேர்ட்ஸ், இங்கே 5.5. அதனால் ரிவி ஸ்பீக்கர் வழியாக ஒலி தரும் கணினியில் படம் தெளிவாகத் தெரிந்தும் சத்தம் வெறும் இரைச்சலாக இருந்தால் கணினியைச் சந்தேகிக்காதீர்கள். கொம்போசிட் வெளியீடு (ரிவியின் ஏவி துளையில் செருகுவது) உள்ளவற்றில் அதையே பாவியுங்கள்.

தொடக்கத்தில் தொடவேண்டாம் என்று சொல்வது, மொனிட்டரும் கணினியும் ஒரே கூட்டில் உள்ளவற்றை. மக்கின்டொஷ் கிளாசிக், கேப்ரோ போன்றவை அந்த வகை. படக்குழாயில் பல ஆயிரம் வோல்ட் ஓடும், பிளக்கைக் கழற்றிய பிறகும் தங்கி நிற்கும். பழைய ரிவி திருத்தத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இல்லாமல் அந்தக் கூட்டைத் திறக்கவே வேண்டாம். கேப்ரோவைப் பற்றிப் பேச்சு வந்ததால் சொல்கிறேன்: 1980களின் முதற்பாதியில் கொழும்பில் வசித்த ஆர்தர் சி. கிளார்க், லொஸ் ஏஞ்சலிஸிலிருந்த ஒரு திரைப்பட இயக்குநருடன் கேப்ரோ கணினியும் மோடமும் கொண்டுதான் கருத்துப் பரிமாறிக்கொண்டார். மின்னஞ்சல் என்ற சொல்லே இங்கே பலருக்குத் தெரியாத காலம் அது. இந்த நகரத்துக்கும் அந்தக் கணினிகளுக்கும் இப்படி ஒரு உறவு இருந்தது என்பது எனக்கு எப்போதும் பெருமை.

எங்கே தேடுவது?

கடைக்குப் போகுமுன் உறவினர் வீடுகளில் கேளுங்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் முன்னால் வீடு துப்புரவு செய்யும்போதுதான் இப்படியான சாமான் வெளியே வரும், அதே கையோடு பழைய இரும்பு வாங்குபவரிடம் போய்விடும். அதற்கு ஒரு மாதம் முந்தியே சொல்லி வையுங்கள். கொட்டாஞ்சேனை, வத்தளைப் பக்கத்துச் சிறு அச்சகங்கள், மூடிவிட்ட ரைப்பிங் வகுப்புகள், பழைய கணக்காளர் அலுவலகங்கள் ஆகியவற்றையும் விடாதீர்கள். கேட்கும்போது "பழமையான கணினி" என்றால் யாருக்கும் விளங்காது. "டொஸ் ஓடின கொம்பியூட்டர், பெரிய புளொப்பி போடுறது" என்று சொல்லுங்கள், உடனே நினைவுக்கு வரும். கீபோர்ட், வயர், கையேடு, புளொப்பிப் பெட்டி எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். பெட்டியைக் கொடுத்துவிட்டு கீபோர்ட்டைக் குப்பையில் போடுபவர்கள்தான் அதிகம்.

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் பெரும்பாலும் புதுச் சாமான்தான் விற்கிறார்கள். ஆனால் நீண்டகாலமாகக் கணினி விற்கும் கடைக்காரர் யாரோடாவது கதைத்துப் பாருங்கள். பின்னறையில் ஐஎஸ்ஏ கார்ட் (பழைய மதர்போர்ட் துளைகளில் செருகும் வகை), பழைய மெமரி, ஐடிஇ கேபிள் கிடக்கக்கூடும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெரு எலெக்ட்ரோனிக் பாகங்களுக்கு. கெப்பாசிட்டர், டயோட், ஈயம், சொல்டரிங் அயன், ஈயம் ஒட்ட உதவும் பசை எல்லாம் அங்கே ஒரே நடையில் வாங்கலாம். அங்கே போகும்போது பழைய பாகத்தைக் கையோடு கொண்டுபோங்கள். "நானா, இதுக்கு எக்ஸ் 2 கெப்பாசிட்டர் இருக்கா?" என்று கேட்டால், "கழட்டின சாமானக் காட்டுங்க தம்பி" என்பதுதான் பதிலாக வரும். அவர் அதைப் பார்த்து, கால் இடைவெளியையும் கவனித்துத்தான் எடுத்துத் தருவார்.

பழைய இரும்புக் கடைகளில் உங்களுக்குப் போட்டி, தங்கம் பிரிப்பவர்கள். 486 போன்ற செரமிக் புரொசசர்களில் தங்க முலாம் இருப்பதால் முதலில் அவற்றைத்தான் பிடுங்குவார்கள். நிறைக்குக் கிடைப்பதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதாகச் சொல்லி, "பிரிக்காமல் முழுசாக வைத்திருங்கள்" என்று தொலைபேசி இலக்கத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். காசு கொடுக்குமுன் மூடியைக் கழற்றிப் பாருங்கள். பற்றரிக்குப் பக்கத்தில் ஒரு நாணயம் அளவுக்குப் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தால் திருத்தலாம். பலகையின் கால்வாசிக்குக் களிம்பு ஏறி, சிப்புகளின் கால்கள் கறுத்துப் போயிருந்தால் அதைப் பாகங்களுக்காக மட்டும் வாங்குங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதென்றால் ஒரு விஷயம்: சுங்கத் தீர்வை பொருளின் விலைக்கு மட்டுமல்ல, அனுப்பும் செலவையும் காப்புறுதியையும் சேர்த்த தொகைக்கே கணக்கிடப்படும். பாரமான இரும்புக் கூட்டை வரவழைத்தால் கட்டாது. மதர்போர்ட், கார்ட் போன்றவற்றை மட்டும் ஊருக்கு வருபவர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதுதான் நல்லது.

பற்றரி

386, 486 மதர்போர்ட்களில் கீபோர்ட் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் நீலமோ பச்சையோ நிறத்தில், மூன்று வில்லைகளை அடுக்கி உறை போட்டது மாதிரி ஒரு சிறிய உருளை இருக்கும். 3.6 வோல்ட் நிக்கல் கட்மியம் பற்றரி அது. நேரத்தையும் அமைப்புகளையும் நினைவில் வைப்பதுதான் அதன் வேலை. பழைய கணினிகளைக் கொல்வதில் இதற்கு நிகரான எதிரி கிடையாது. உள்ளே இருக்கும் காரம் மெல்ல ஒழுகி, பலகையின் பச்சைப் பூச்சுக்குக் கீழே புகுந்து, செப்புத் தடங்களைத் தின்றுகொண்டே போகும். கணினி ஓடினாலும் ஓடாவிட்டாலும் தின்னும். கொழும்பு ஈரத்தில் இன்னும் வேகமாகத் தின்னும். ஆகவே சாமான் வீட்டுக்கு வந்த அன்றைக்கே, வேறு எதையும் தொடாவிட்டாலும், இதை மட்டும் எடுத்துவிடுங்கள்.

கையுறை போடுங்கள், கண்ணுக்கும் ஏதாவது போடுங்கள். முதலில் நாலு பக்கத்தாலும் படம் எடுத்துவிடுங்கள். ஜம்பர்கள் (பலகையில் இரு முனைகளை இணைக்கும் சிறு மூடிகள்) எந்த நிலையில் இருக்கின்றன, எந்த கேபிளின் சிவப்புக் கோடு எந்தப் பக்கம் என்பதெல்லாம் பிறகு தேவைப்படும். பற்றரியை ஸ்குரூட்ரைவரால் நெம்பக்கூடாது. நெம்பினால் அரித்துப்போன தடமும் சேர்ந்து கிளம்பிவிடும். கால்களைக் கட்டரால் வெட்டி எடுங்கள். எடுத்ததைச் சமையலறைக் குப்பையில் போடாதீர்கள், கட்மியம் நஞ்சு. மூடியுள்ள போத்தலில் போட்டு வைத்து, மின்கழிவு சேகரிப்பவர்களிடம் கொடுங்கள்.

அடுத்து கழுவுதல். ஒழுகியது காரம் என்பதால் அதை முறிக்க அமிலம் வேண்டும்; கடையில் விற்கும் வெள்ளை வினாகிரி போதும். பஞ்சுக் குச்சியை அதில் நனைத்து, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் இடத்தில் வையுங்கள். சின்னச் சின்னக் குமிழி எழும்பும், காது கொடுத்தால் மெல்லிய சீறல்கூடக் கேட்கும். குமிழி நின்றதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் மெதுவாகத் தேயுங்கள். பஞ்சு பச்சையாகாமல் வரும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். பின்பு காய்ச்சி வடித்த நீரால் கழுவுங்கள். பெற்றோல் செட்டில் வாகன பற்றரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீர் அதுதான், ஆனால் போத்தலில் உள்ளது தண்ணீரா அசிட்டா என்று பார்த்து வாங்குங்கள். வினாகிரியைப் பலகையில் மிச்சம் விடக்கூடாது. விட்டால் அதுவும் அரிக்கத் தொடங்கும். கடைசியாக ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, மின்விசிறிக்கு முன்னால் இரண்டு மூன்று நாள் வையுங்கள். மழைக்காலமென்றால் ஒரு கிழமை. வெயிலில் காயவைப்பதில்லை.

காய்ந்ததும் கைத்தொலைபேசிக் கமராவைப் பெரிதாக்கித் தடங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நல்ல தடம் பூச்சுக்குக் கீழே ஒரே நிறமாகத் தெரியும். அரித்தது கறுத்தோ புள்ளிபுள்ளியாகவோ தெரியும். சந்தேகமானவற்றின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்து "பீப்" கேட்கிறதா என்று பாருங்கள். கேட்காவிட்டால் தடம் அறுந்திருக்கிறது; மெல்லிய எனாமல் கம்பியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பாலம் போட்டு ஈயம் பிடிக்கலாம். கீபோர்ட் வேலை செய்யவில்லை என்று ஒதுக்கப்பட்ட பல 486 பலகைகளில் பழுது இவ்வளவுதான், கீபோர்ட் செருகிக்கும் அதன் கட்டுப்பாட்டுச் சிப்புக்கும் இடையில் அறுந்த ஒரு தடம்.

அதே வகை பற்றரியை மறுபடி போடாதீர்கள். பல பலகைகளில் வெளிப் பற்றரிக்கென்று நாலு முனைச் செருகி இருக்கும். மூன்று ஏஏ பற்றரி போடும் கூட்டை நீளமான வயரில் அதில் இணைத்து, பலகையைவிட்டுத் தள்ளி ஒட்டி வைக்கலாம். ஒழுகினாலும் பலகைக்குச் சேதமில்லை. அந்தச் செருகி இல்லாவிட்டால் பழைய பற்றரியின் துளைகளிலேயே சிஆர்2032 வில்லையை இணைக்கலாம், ஆனால் மின்சாரத்தை ஒரு பக்கம் மட்டும் விடும் டயோட் ஒன்று இடையில் கட்டாயம் வேண்டும். பலகை அந்தத் துளைகள் வழியாக பற்றரியைச் சார்ஜ் செய்யப் பார்க்கும். லிதியம் வில்லையைச் சார்ஜ் செய்தால் அது வெடிக்கக்கூடும்.

உள்ளே இருப்பதை எடுத்து வைத்தல்

இந்தப் பொழுதுபோக்கில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். கணினி திரும்ப ஓடாமல் போனால் அதே மாதிரி இன்னொன்று கிடைக்கலாம். அதன் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பது வேறெங்கும் கிடையாது.

கொழும்புத் தமிழ் அச்சகமொன்றின் பழைய கணினியில் என்னவெல்லாம் இருக்கும் என்று யோசியுங்கள். கோயில் கும்பாபிஷேக மலர், பாடசாலை ஆண்டு மலர், ரியூட்டரி வினாத்தாள், இறந்தவர் நினைவாக முப்பத்தோராம் நாளுக்கு அச்சடித்த கல்வெட்டு என்ற சிறு நூல். ஒரு கல்வெட்டுக்குள் ஒரு குடும்பத்தின் வம்சாவளி இருக்கும், ஊர் வரலாறு இருக்கும், பெயர் தெரியாத கவிராயர் பாடிய வெண்பா இருக்கும். அச்சுப் பிரதி இடம்பெயர்வுகளில் தொலைந்திருக்கலாம். அந்த டிஸ்க்கில் மட்டும் இன்னும் இருக்கலாம்.

ஆகவே அந்தக் கணினியைப் போட்டுப் பார்க்காமல், டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் பிரதி எடுங்கள். யூஎஸ்பிக்கு மாற்றும் மலிவான அடப்டர்கள் 1990களின் நடுப்பகுதிக்குப் பிந்திய டிஸ்க்குகளைத்தான் வாசிக்கும். அதற்கு முந்தியவை, செக்டர்களை ஒரே வரிசை எண்ணால் தேடும் எல்பிஏ முறையை அறியாதவை. அவற்றுக்கு, மதர்போர்ட்டிலேயே ஐடிஇ செருகி உள்ள பென்டியம் 3 அல்லது 4 கணினி ஒன்று வேண்டும். இதற்கென்றே ஒன்றைத் தயாராக வைத்திருங்கள், அது பல தடவை கைகொடுக்கும். டிஸ்க்கின் மேல் ஒட்டியுள்ள சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களை எழுதி வையுங்கள்.

பிரதி எடுக்க லினக்ஸில் டிடிரெஸ்கியூ என்ற இலவசக் கருவி இருக்கிறது. வாசிக்கக்கூடிய பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, பழுதான இடங்களுக்குப் பிறகு திரும்பி வரும். எங்கே நின்றது என்று ஒரு கோப்பில் குறித்து வைப்பதால், இடையில் மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். கோப்புகளைத் தனித்தனியாகப் பிரதி எடுக்காதீர்கள். முழு டிஸ்க்கையும் ஒரே பிம்பமாக, அதாவது அச்சு அசலான ஒரே கோப்பாக எடுத்து, அந்தப் பிம்பத்தில் வேலை செய்யுங்கள்.

புளொப்பிகள் விஷயத்தில் கொழும்பு ரொம்பக் கொடுமை. 3.5 அங்குல புளொப்பியின் உலோக மூடியைத் தள்ளி, தட்டை மெல்லச் சுழற்றி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். கறுப்புத் தட்டில் வெள்ளை வெள்ளையாகப் புள்ளியோ பூவோ தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே டிரைவில் போட்டால் அந்தத் தட்டும் போகும், டிரைவின் வாசிக்கும் தலையும் அழுக்காகும். அந்தத் தலை அடுத்துப் போடும் நல்ல புளொப்பியையும் சுரண்டும். பூஞ்சணம் பிடித்தவற்றைத் தனியே ஒதுக்குங்கள். ஐசோபுரோப்பைல் நனைத்த மென்மையான பஞ்சால் இரு பக்கமும் அழுத்தாமல் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு ஒரே ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். வாசிப்பதற்கு கிரீஸ்வீசல் என்ற சின்ன யூஎஸ்பி பலகை இருக்கிறது. காந்தக் குறிகளையே அப்படியே பதிந்துகொள்வதால், எந்தக் கணினியில் எழுதிய புளொப்பி என்று தெரியாவிட்டாலும் பிரதி எடுத்து வைத்து, நிதானமாக ஆராயலாம்.

எடுத்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை மாதிரித் தெரிகிறதா? "பழுதாகிவிட்டது" என்று அழித்துவிடாதீர்கள். பெரும்பாலும் அது பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த தமிழ். யுனிகோட் வருவதற்கு முன்னால், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்துச் செய்த எழுத்துரு அது. இலவச மாற்றிகளில் போட்டால் நல்ல தமிழாக வந்துவிடும். அந்தக் கணினியின் எழுத்துருக் கோப்புகளையும் சேர்த்து எடுத்து வையுங்கள். ஒவ்வொரு அச்சகமும் வேறு வேறு எழுத்துரு பாவித்திருக்கும், சிலவற்றுக்கு மாற்றியே இருக்காது. பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளின் கோப்புகள் இன்னொரு தலைவலி. கணினி திரும்ப ஓடத் தொடங்கியதும், அதிலேயே திறந்து அச்சுக் கோப்பாக எடுத்துவிடுவதுதான் சுகமான வழி.

ஒன்று கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த டிஸ்க்கில் இருப்பது மற்றவருடைய கடிதம், கணக்கு, படம். கொடுத்தவரைத் தெரிந்தால் பிரதியை முதலில் அவரிடம் கொடுங்கள். வைத்திருக்கலாமா என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் அழித்துவிடுங்கள்.

பவர் சப்ளை

இந்தப் பகுதியில் உயிராபத்து இருக்கிறது. வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். புவித்தொடுப்பு உள்ள மூன்று முனைப் பிளக் மட்டும்தான் பாவிக்க வேண்டும். பவர் சப்ளைக்குள் இருக்கும் பெரிய கெப்பாசிட்டர்களில் 320 வோல்ட் அளவு நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். கழற்றி ஒரு நாள் விட்டு, மல்டிமீட்டரால் அளந்து பார்த்த பிறகே கை வையுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரியாது: ஏடி எனப்படும் 486 காலத்துக் கூடுகளில், முன்பக்கத்துப் பவர் பொத்தானுக்கு 230 வோல்ட் நேராக வரும். அந்த நாலு வயர்களின் உறை வெடித்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள்.

திறந்ததும் பல்லி முட்டை, கரப்பான் கழிவு, தூசி எல்லாவற்றையும் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். அப்புறம் மின்சாரம் நுழையும் இடத்தில், மஞ்சள் கண்ணாடி மாதிரி ஒரு சிறு பெட்டி வடிவக் கெப்பாசிட்டர் இருக்கிறதா என்று தேடுங்கள். ரீஃபா என்று அதன் மேல் எழுதியிருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். உள்ளே காகிதம் இருக்கும், மேல் ஓடு வெடித்து ஈரத்தை உறிஞ்சியிருக்கும். மின்சாரம் கொடுத்துக் கொஞ்ச நேரத்தில் "டப்" என்று வெடித்து வீடெல்லாம் புகையாகும். அதே மைக்ரோபரட் அளவில் 275 வோல்ட் எக்ஸ் 2 வகை பிளாஸ்டிக் கெப்பாசிட்டர் போடுங்கள். பிபிசி மைக்ரோ, அப்பிள் 2 போன்றவற்றில் இது அடிக்கடி வரும்.

மதர்போர்ட்டில் செருகாமல் முதலில் தனியாகச் சோதியுங்கள். ஆனால் பாரமே இல்லாமல், அதாவது மின்சாரம் எடுக்கும் எதையும் மாட்டாமல், ஓடவிடக் கூடாது, பழைய சப்ளைகள் அதைத் தாங்காது. வாகன 12 வோல்ட் பல்ப் ஒன்றையோ தேவையற்ற பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றையோ மாட்டிவிடுங்கள். சுவரிலிருந்து வரும் வயரில், பழைய வகை 60 வாட் இழை பல்ப் ஒன்றைத் தொடரில் இணைத்துக்கொண்டால் இன்னும் பாதுகாப்பு. அந்த பல்ப் ஒரு கணம் மின்னி மங்கினால் நல்லது. தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷோர்ட். இந்த ஏற்பாட்டை ஒரு எலெக்ட்ரீஷியனைக் கொண்டு செய்வித்து வைத்துக்கொள்ளுங்கள். பல்ப் சோதனை தேறினால் தொடரில் இணைத்த பல்பை மட்டும் கழற்றி, சுவர் மின்சாரத்தை நேராகக் கொடுத்து அளவெடுங்கள். சிவப்பு வயர் 4.75 முதல் 5.25 வரை, மஞ்சள் 11.4 முதல் 12.6 வரை இருக்க வேண்டும். அதற்கு வெளியே நின்றால் மதர்போர்ட்டுக்குப் பக்கத்திலும் கொண்டுபோகாதீர்கள்.

சரி, இப்போது சுவிட்ச்

ஏடி சப்ளையிலிருந்து மதர்போர்ட்டுக்கு இரண்டு செருகிகள் வரும். பக்கம் பக்கமாகச் செருகும்போது இரண்டினதும் கறுப்பு வயர்கள் நடுவில் சந்திக்க வேண்டும். மாறினால் பலகை போய்விடும். முதலில் குறைந்தபட்சப் பாகங்களோடு போடுங்கள்: பலகை, புரொசசர், மெமரி, விஜிஏ கார்ட், ஸ்பீக்கர். ஐஎஸ்ஏ கார்ட்களின் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிறப்பரால் தேய்த்து, தூளை அல்ககோலால் துடைத்து மாட்டுங்கள். சொக்கட்டில் இருக்கும் சிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி விடுங்கள். சூடும் குளிரும் மாறி மாறி வந்து, காலப்போக்கில் மேலே கிளம்பியிருக்கும். கொழும்பில் "செத்த" பலகைகளில் நல்ல பங்கு இந்த இரண்டு வேலையிலேயே எழும்பிவிடும்.

கண்ணாடி போட்டுக்கொண்டு சுவிட்சைப் போடுங்கள். ஐபிஎம் பிசி, எக்ஸ்டி போன்ற 1980களின் பலகைகளில் இருக்கும் துளி வடிவ டான்டலம் கெப்பாசிட்டர்கள், நீண்டநாள் கழித்து மின்சாரம் பார்க்கும்போது சில வேளை வெடிக்கும். வெடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. எது என்று நன்றாகத் தெரியும், அதை மாற்றினால் சரி. 12 வோல்ட் வழியில் இருப்பதற்கு 25 வோல்ட் தாங்குவதைப் போடுங்கள். படமும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் போஸ்ட் கார்ட் என்ற மலிவான சோதனைக் கார்ட்டை ஐஎஸ்ஏ துளையில் செருகுங்கள். கணினி எந்தக் கட்டத்தில் நின்றுவிட்டது என்று இரண்டு இலக்கத்தில் காட்டும்.

எழும்பி வந்ததும் பழைய ஹார்ட் டிஸ்க்கை ஓய்வில் விடுங்கள். பிரதியைக் கொம்பக்ட் பிளாஷ் கார்ட்டில் ஏற்றி, ஐடிஇ அடப்டரோடு மாட்டினால் சத்தமும் இல்லை, சூடும் இல்லை. 486 காலத்துப் பயோஸ்கள் (கணினியைத் தொடக்கிவிடும் அடிப்படை மென்பொருள்) பல 504 மெகாபைட்டுக்கு மேல் பார்க்காது என்பதால் பெரிய கார்ட் வாங்கிக் காசை விரயமாக்காதீர்கள். புளொப்பி டிரைவுக்குப் பதிலாகக் கோடெக் என்ற சாதனத்தைப் போட்டால் ஒரு யூஎஸ்பி குச்சியில் நூற்றுக்கணக்கான புளொப்பிப் பிம்பங்களை வைத்துப் பாவிக்கலாம். டொஸ் இயங்குதளத்துக்கு உரிமம் இல்லாதவர்களுக்கு இலவச பிரீடொஸ் இருக்கிறது.

அழகும் மஞ்சளும்

கூட்டையும் கீபோர்ட் விசைகளையும் பாத்திரம் கழுவும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவலாம். மஞ்சள் படிந்த பிளாஸ்டிக்கை ஹைட்ரஜன் பெரொக்சைட்டும் வெயிலும் கொண்டு வெளுக்கும் முறை ஒன்று உண்டு. சலூன்களில் தலைமுடிக்குப் பாவிக்கும் கிரீமே போதும். ஆனால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கொழும்பு வெயிலில் பிளாஸ்டிக் வளையும், திட்டுத்திட்டாக வெளுக்கும், சில வருடத்தில் மஞ்சளும் திரும்பி வரும். மஞ்சளாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

கொழும்புக் காற்றில் வைத்திருப்பது

இங்கே ஈரப்பதன் பெரும்பாலும் 70 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும். பூஞ்சணத்துக்கு அது போதும். புளொப்பி, கார்ட், தனிப் பலகை ஆகியவற்றை இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். கமரா வைத்திருப்பவர்கள் லென்சுக்குச் செய்வதும் இதுதான். உள்ளே ஒரு சிறு ஈரமானியைப் போட்டு 40 முதல் 50 வரை நிற்கிறதா என்று பாருங்கள். நிறம் மாறும் ஜெல்லில் செம்மஞ்சள் வகையை வாங்குங்கள். நீல வகையில் கோபால்ட் இருக்கிறது, அது நல்லதல்ல. நிறம் மாறியதும் ஓவனில் காயவைத்துத் திரும்பப் பாவிக்கலாம்.

முழுக் கணினியைப் பொலித்தீனில் சுற்றாதீர்கள், உள்ளே வியர்க்கும். பருத்தித் துணியால் மூடி, கடல் பக்கத்து யன்னலிலிருந்தும் வெளிச்சுவரிலிருந்தும் தள்ளி வையுங்கள். பின்பக்கத்து வெற்றுத் துளைகளைத் தகட்டால் மூடிவிட்டால் பல்லி புகாது. பூச்சி உருண்டை போடவேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக்கும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். அந்தச் சூட்டில் ஈரம் வெளியேறும். ஓடி முடிந்ததும் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடிமின்னல் இங்கே வழக்கம்; மின்வெட்டு முடிந்து கரண்ட் திரும்ப வரும்போது வரும் அதிர்ச்சியும் அதே அளவு ஆபத்து. சேர்ஜ் புரொடெக்டரை மட்டும் நம்பியிருக்காதீர்கள்.

ஒவ்வொரு கணினியின் கூட்டுக்குள்ளும் ஒரு கடதாசியை மடித்து, சிறிய பிளாஸ்டிக் உறையில் ஒட்டி வையுங்கள். எந்தத் திகதியில் எந்தக் கெப்பாசிட்டரை மாற்றினீர்கள், பற்றரி எங்கே இருக்கிறது, கடைசியாக அளந்த வோல்ட் எவ்வளவு, டிஸ்க் பிம்பம் எந்தப் பெயரில் எங்கே சேமிக்கப்பட்டிருக்கிறது, யார் வீட்டிலிருந்து வந்தது என்று அதில் எழுதுங்கள். அடுத்த முறை மூடியைத் திறப்பவர் நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.